டிப்ளோமசி: நேரில் விளையாடியபோது வலிக்காத துரோகம், ஆன்லைனில் ஏன் இப்படி வலிக்கிறது?

கொட்டகலை டீச்சர்

வணக்கம். இங்கே டிப்ளோமசி விளையாடுகிறவர்கள் இருந்தால் உங்கள் அனுபவம் எனக்கு வேண்டும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நடந்ததை முழுசாகச் சொன்னால்தான் கேள்வி புரியும்.

தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. டிப்ளோமசி வரைபடத்தை விரித்து விளையாடும் ஒரு பலகை விளையாட்டு. 1901ஆம் ஆண்டு ஐரோப்பா. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, ஒஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என்று ஏழு நாடுகள், ஏழு பேர். தாயக்கட்டை இல்லை, அதிர்ஷ்டம் என்று ஒன்றும் இல்லை. படையோ கப்பலோ எல்லாவற்றுக்கும் ஒரே பலம்தான். எதிரே நிற்கும் படையைத் தள்ள வேண்டுமென்றால் இன்னொரு படை பக்கத்தில் நின்று கைகொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஆளுக்கு மூன்றுதான் இருக்கும், ரஷ்யாவுக்கு மட்டும் நான்கு. மூன்றை வைத்துக்கொண்டு தனியாக எங்கேயும் போக முடியாது, அதனால் பேசித்தான் ஆக வேண்டும். வரைபடத்தில் 34 மையங்கள் (பிடிக்க வேண்டிய முக்கிய இடங்கள்), அதில் 18 பிடித்தவர் வென்றவர். ஆட்டத்தின் ஒரு வருடத்துக்கு வசந்தம், இலையுதிர் காலம் என்று இரண்டு சுற்று, குளிர்காலத்தில் புதுப் படை கட்டலாம். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச்சு. அப்புறம் ஒவ்வொருவரும் துண்டுக் காகிதத்தில் ரகசியமாக ஆர்டர் எழுதுவது, எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து வாசிப்பது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

நாங்கள் ஏழு பேரும் ஆசிரியர் பயிற்சியில் ஒன்றாக இருந்தவர்கள். 2017 முதல் போயா (பௌர்ணமி) லீவு நாட்களில் ஹட்டனில் ஒரு நண்பரின் வீட்டில் கூடினோம். வரைபடத்தை ரவுணில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் கொடுத்துப் பெரிதாக அடித்துக்கொண்டோம். படைகளுக்கும் கப்பல்களுக்கும் என் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்து ஏழு நிறத்தில் பொத்தான்கள். பெரிய பொத்தான் படை, சின்னது கப்பல். காலை 9 மணிக்குத் தொடங்கினால் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் 1907ஆம் ஆண்டோடு நிறுத்தி, யாரிடம் அதிக மையம் என்று எண்ணிவிடுவோம். பதுளைத் தம்பி மட்டும் முதல் நாளே ரயிலில் வந்து தங்குவார்.

வீடு சின்னது. ரகசியம் பேச உள்ளே இடமில்லை. அதனால் பேச வேண்டியவர்கள் முற்றத்துக்கு இறங்க வேண்டும், ஹட்டனில் பாதி நாள் மழை, அதனால் குடையோடு இறங்க வேண்டும். முதல் சுற்றுக்கு அரை மணி நேரம், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 15 நிமிடம். அந்த 15 நிமிடத்துக்குள் மரவள்ளிச் செடிப் பக்கம் ஒரு குடை, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒரு குடை, பாதையில் ஒரு குடை. விறாந்தையில் இருப்பவர்களுக்கு யார் யாருடைய குடைக்குள் போகிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் கேட்காது.

ஒருமுறை நான் இத்தாலி, பதுளைத் தம்பி ஒஸ்திரியா. வெனிஸுக்கும் ட்ரியஸ்டுக்கும் இடையில் ஒரு எல்லைக்கோடு மட்டும்தான். இரண்டும் அவரவர் சொந்த மையம். "அந்தப் பக்கம் நான் திரும்பியே பார்க்க மாட்டேன் தம்பி" என்று ஒரே குடைக்குள் நின்று சொல்லிவிட்டு, முதல் வருடமே ட்ரியஸ்டுக்குள் போனேன். துண்டை வாசித்ததும் அவர் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். பத்து நிமிடம் இருக்கும். யாரும் எதுவும் பேசவில்லை. அப்புறம் நண்பரின் அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு வந்து வைத்தார், தம்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தோம். பஸ் ஏறும்போது என் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

சரி, இப்போது மற்றக் கதை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மே மாதம் ஆன்லைனில் ஒரு ஆட்டம் தொடங்கினோம். ஒரு சுற்றுக்கு இரண்டு நாள் என்று வைத்தோம். எனக்குத் துருக்கி, மஸ்கெலியா அக்காவுக்கு ரஷ்யா. இரண்டு நாடும் சேர்ந்தால் தடுக்க முடியாது என்பது விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும். கருங்கடலில் இருவரும் கப்பல் விடுவதில்லை என்று முதல் நாளே உடன்பாடு. ஐந்து வருடம் (ஆட்டத்தில்தான்) அது நின்றது. நான் என் கப்பல்களை எல்லாம் மேற்கே அனுப்பினேன். கிரேக்கம், அயோனியன் கடல், இத்தாலிக் கரை என்று என் ஆட்கள் தூரப் போய்விட்டார்கள். வீட்டில் யாரும் இல்லை.

1905 குளிர்காலத்தில் அக்கா செவஸ்தபோலில் ஒரு கப்பல் கட்டினார். எதற்கு என்று கேட்டேன். "அது ருமேனியாவுக்கு, ஒஸ்திரியாவை முடிக்க" என்று பதில் வந்தது. நம்பினேன். அந்தக் கிழமை காற்றில் மரம் விழுந்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மேல் மலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல். இருந்த சார்ஜில் பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்பிவிட்டு, ஆர்டரை மட்டும் போட்டுவிட்டு இறங்கினேன். 1906 வசந்தம் திறந்தபோது அந்தக் கப்பல் கருங்கடலில் நின்றது. என்னிடம் இருந்த ஒரே வழி ஏஜியன் கடலில் இருந்த கப்பலைக் கொன்ஸ்தாந்திநோபிளுக்குத் திருப்புவது. அதைச் செய்தேன். இலையுதிர் காலத்தில் அவர் காலியாக இருந்த அங்காராவுக்குள் கப்பலையும், காலியாக இருந்த பல்கேரியாவுக்குள் ருமேனியாப் படையையும் விட்டார். ஒரே நாளில் இரண்டு மையம் போனது. அதற்குப் பிறகு எழ முடியவில்லை.

நான் தம்பிக்குச் செய்ததைவிட இது பெரியது ஒன்றுமில்லை. ஆனால் அன்று இரவு முதல் செய்தியிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் திரும்ப வாசித்தேன். நூற்றுக்கும் மேல் இருந்தன. எந்த இடத்தில் மனம் மாறினார், எது பொய், எது உண்மை என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அடுத்த நாளும் வாசித்தேன். அதன் பிறகு பல மாதம் நானும் அக்காவும் "நலமா" என்பதைத் தாண்டிப் பேசவில்லை. குழு அப்படியே கலைந்தது.

இப்போது எல்லோருக்கும் மறுபடி ஆசை வந்திருக்கிறது. ஆனால் ஒருவர் கொழும்பில், ஒருவர் தோஹாவில், தம்பி பதுளையில், அக்கா மஸ்கெலியாவில். ஏழு பேரும் ஒரே நாளில் ஹட்டனுக்கு வருவது நடக்காத காரியம். ஆன்லைனில் விளையாடினால் மறுபடியும் அப்படி ஆகுமா? நேரில் இருந்தது எது, ஆன்லைனில் இல்லாதது எது? அதைக் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம் என்று நம்புகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பசறைப் பக்கம்

டீச்சர், எங்களுக்கும் ஆன்லைனில்தான் பழக்கம், நேரில் நான் இரண்டே முறை விளையாடியிருக்கிறேன். உங்கள் கதையில் எனக்குப் பட்டது கால அளவு. இரண்டு நாள் இடைவெளி என்றால் சந்தேகம் வளர இரண்டு நாள். நேரில் 15 நிமிடம், அதற்குள் ஆறு பேரோடு பேசி முடிக்க வேண்டும், யாரையும் ஆராய்ந்து கொண்டிருக்க நேரமில்லை.

ஆனால் இடைவெளியைக் குறைப்பதும் நம் ஊருக்குச் சரிவராது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். அப்போது நாங்கள் ஒரு நாள் கெடு வைத்து விளையாடினோம். ஜேர்மனியாக இருந்த என் நண்பனுக்கு போனில் சார்ஜ் இல்லை, ஆர்டர் போகவில்லை. ஆர்டர் வராவிட்டால் படைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். மியூனிக்கையும் கீலையும் பறிகொடுத்தான். ஏமாந்து தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, கரண்ட் இல்லாமல் தோற்றேன் என்று இன்றும் சொல்வான். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு விதி வைத்தோம்: ஒருவரின் ஆர்டர் வராவிட்டால், அவரோடு யாராவது தொலைபேசியில் பேசும் வரை ஆட்டத்தை நிறுத்தி வைப்பது. நீங்கள் தொடங்கினால் அதை முதலில் வையுங்கள்.

---

ஹப்புத்தளைக் காற்று

டீச்சருக்கு வணக்கம். நான் 36 வருடம் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கடிதங்களோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர் அலன் கல்ஹமர் என்ற அமெரிக்கர். 1954இல் வடிவமைத்தார். கம்பனிகள் எடுத்துக்கொள்ளாததால் 1959இல் தன் சொந்தச் செலவில் 500 பிரதி அடித்து விற்றார். பிற்காலத்தில் அவர் செய்த தொழில் என்ன தெரியுமா? வீடு வீடாகக் கடிதம் கொண்டு போய்க் கொடுக்கும் தபால்காரர். இதை முதல் முறை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. 1963இலேயே ஜோன் போர்ட்மன் என்பவர் தபால் மூலம் இதை நடத்தத் தொடங்கிவிட்டார். ஆட்களுக்கிடையில் கடிதம் போகும், ஆர்டர்கள் நடுவருக்குப் போகும், முடிவுகளை அவர் ஒரு சிறு சஞ்சிகையில் அச்சிட்டு அனுப்புவார். ஒரு ஆட்டம் வருடக்கணக்கில் நடக்கும். அதனால் தூரத்தில் இருந்து எழுதி விளையாடுவது கணினி வந்த பிறகு ஏற்பட்ட குறைபாடு என்று நினைக்க வேண்டாம். இந்த விளையாட்டுக்கு அதுவும் பழைய வீடுதான்.

எனக்கு அது ஒரே வீடு. என் இடது காது கேட்பது குறைந்து பல வருடம் ஆகிறது. மகன் கொழும்பில் தன் நண்பர்கள் விளையாடும் இடத்துக்கு ஒருமுறை அழைத்துப் போனார். ஏழு பேர், ஒரே நேரத்தில் ஐந்து குரல். யார் என்னிடம் என்ன கேட்டார்கள் என்று புரிவதற்குள் 15 நிமிடம் முடிந்துவிட்டது. 1903க்குள் என்னிடம் ஒரு மையம்கூட மீதமில்லை. பிள்ளைகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் அந்த அறையில் நான் இல்லாதவன் மாதிரி இருந்தேன். அதே பிள்ளைகளோடு எழுதி விளையாடியபோது முதல் ஆட்டத்திலேயே பிரான்ஸாக இருந்து 14 மையம் பிடித்தேன். அவர்களுக்கு இருக்கும் நேரம் எனக்கும் இருந்தது. நேரில் விளையாடும்போது வாய் வேகமுள்ளவர் பக்கம் ஆட்டம் சாயும். அமைதியான மனிதர்களுக்கு எழுத்து ஒரு நியாயம் செய்கிறது. நேரில் விளையாடுவதுதான் உண்மையான ஆட்டம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாயால் சொன்ன பொய் காற்றோடு போகும். எழுதிய பொய் இருக்கும். தபால் கந்தோரில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன்: சண்டையில் சொன்ன வார்த்தையை மறந்துவிட்ட அண்ணன் தம்பிகள், ஒரு கடிதத்தில் எழுதிய ஒரு வரிக்காக இருபது வருடம் பேசாமல் இருந்தார்கள். வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகச் சொல்லப்படுகிறது. நீங்கள் அன்று இரவு நூறு செய்தியையும் திரும்ப வாசித்தீர்களே, அக்கா உங்களை ஒருமுறைதான் ஏமாற்றினார். மற்ற நூறு முறையும் அந்தத் திரைதான் ஏமாற்றியது.

அதனால் நான் எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். தேவைக்கு மேல் ஒரு வாக்குறுதி எழுதுவதில்லை. "கடைசி வரை உங்களோடு இருப்பேன்" என்று எழுதவே மாட்டேன். "இந்த வசந்தத்தில் பர்கண்டிக்குள் வரமாட்டேன்" என்று எழுதுவேன், வரவும் மாட்டேன். அடுத்த சுற்றுக்கு அடுத்த கடிதம். ஒருவரைத் தாக்க முடிவெடுத்துவிட்டால் பொய் எழுதாமல், அந்தச் சுற்றில் அந்த எல்லையைப் பற்றி எதுவும் எழுதாமல் விடுவேன். கவனமாக வாசிப்பவருக்கு அது தெரியும், தெரிந்தால் தெரியட்டும். இத்தனை வருடத்தில் என்னோடு விளையாடியவர் யாரும் என்னோடு மனஸ்தாபப்பட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. துண்டில் எழுதும்போது பிழை விடலாம். விதிப்படி தெளிவில்லாத ஆர்டர் செல்லாது, படை நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் நேரில் ஒருவருக்குக் கைகொடுக்க விருப்பமில்லை என்றால், வேண்டுமென்றே பிழையாக எழுதிவிட்டு "ஐயோ, தவறாக எழுதிவிட்டேன்" என்று சொல்லித் தப்பலாம். எதிரே இருப்பவரும் நம்புகிற மாதிரிக் காட்டிக்கொள்ளலாம். உறவு முறியாமல் இருக்க அந்தச் சின்னப் போர்வை உதவும். ஆன்லைனில் செல்லுபடியாகும் ஆர்டர்களைத்தான் பட்டியலில் காட்டும். அந்தப் போர்வை இல்லை. செய்தது எல்லாம் அப்பட்டமாக, வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும்.

---

ராகலை 73

ஐயா எழுதியது நன்றாக இருந்தது. நான் ஒரு சின்ன விஷயம் மட்டும் சேர்க்கிறேன். பேச்சால் வரும் மனக்கசப்பு வேண்டாமென்றால் கன்போட் முறையில் விளையாடலாம். அதில் ஆட்களுக்கிடையில் செய்தியே கிடையாது, ஆர்டர் மட்டும்தான். யார் எந்த நாடு என்பதும் பெரும்பாலும் தெரியாது.

ஆனால் உங்கள் குழுவுக்கு அது வேண்டாம் என்றுதான் நானே நினைக்கிறேன். 2022இல் மெட்டா நிறுவனம் சிசரோ என்று ஒரு செயற்கை நுண்ணறிவை வெப்டிப்ளோமசி தளத்தில் விளையாட விட்டது. ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்ற வேக ஆட்டம். மனிதர்களோடு எழுதிப் பேசி 40 ஆட்டம் ஆடியது. ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. எழுத்து மட்டும்தான் ஆட்டம் என்றால் அதை ஒரு இயந்திரம் நம்மைவிட நன்றாகவே செய்யும். நீங்கள் தேடுவது அது இல்லையே. ஏழு பழைய நண்பர்கள் திரும்பச் சேர்வதற்குப் பேச்சில்லாத ஆட்டம் எதற்கு?

---

பொகவந்தலாவை – தோஹா

டீச்சர் அக்கா, நானும் உங்கள் நண்பர் இருக்கும் ஊரில்தான் இருக்கிறேன். அவரை எனக்குத் தெரியாது, ஆனால் அவர் எதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும்.

எனக்கு லீவு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கடைசியாகப் போனபோது பெய்த மழையில் 40 நாளில் 10 நாள் வீட்டுக்குள்ளேயே போனது. ஊரில் இருந்த நாலு பேரைப் பிடித்து, தம்பியையும் மச்சானையும் சேர்த்து ஒரே ஒரு ஆட்டம் நேரில் ஆடினோம். அந்த ஒரு நாள் இன்னும் எனக்குப் போதுமாக இருக்கிறது. ஆனால் அந்த நாளுக்காகக் காத்திருந்தால் மற்ற 700 நாளை என்ன செய்வது? அதனால் "நேரில் முடிந்தால் மட்டும்" என்று முடிவெடுத்து விடாதீர்கள். தூரத்தில் இருப்பவனுக்கு ஆன்லைன் ஆட்டம்தான் அந்த விறாந்தை.

நாங்கள் ஒன்றரை வருடமாகச் செய்வதைச் சொல்கிறேன். எழுத்தை முழுவதுமாக விட்டுவிட்டோம். அழைத்துப் பேச வேண்டும், கிடைக்காவிட்டால் குரல்பதிவு. அவ்வளவுதான். எழுத்து வேண்டாம் என்று சொன்னபோது எல்லோரும் முணுமுணுத்தார்கள். இங்கே நேரம் ஊரைவிட இரண்டரை மணி பின்னால், நான் வேலை முடிந்து அறைக்கு வரும்போது அங்கே சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போவார்கள். இருந்தாலும் பழகிவிட்டது. குரலில் தயக்கம் தெரியும். "சரி மச்சான்" என்பதை மூன்று விதமாகச் சொல்லலாம், எழுத்தில் மூன்றும் ஒன்றுதான். போன மாதம் மச்சான் இங்கிலாந்தாக இருந்து அனுப்பிய குரல்பதிவில் பின்னால் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது. அவர் சொன்னது வட கடலைப் பற்றி. நான் மழைக்காகவே அதை நாலு தடவை கேட்டேன். அந்தச் சுற்றில் அவர் என்னை ஏமாற்றினார், பெல்ஜியம் போனது. கோபம் வரவில்லை.

காது கேளாத ஐயா மாதிரி ஆட்கள் குழுவில் இருந்தால் அவர்களுக்கு எழுத்தை அனுமதிக்க வேண்டும், அது தனி.

---

கொட்டகலை டீச்சர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஹப்புத்தளை ஐயா, நீங்கள் எழுதிய அண்ணன் தம்பி கதையை வாசித்துவிட்டு போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்சத்தை வாசித்தேன்.

நேற்று மாலை மஸ்கெலியா அக்காவுக்கு அழைத்தேன். முதலில் பிள்ளைகள், பரீட்சை, இடமாற்றம் என்று பேசினோம். பிறகு நானே கேட்டேன், "அக்கா, அந்தக் கப்பல் முதலிலிருந்தே கருங்கடலுக்குத்தானா?" என்று. அவர் உடனே சொன்னார்: "இல்லை. ருமேனியாவுக்குத்தான் கட்டினேன். நீ மூன்று நாள் பதிலே போடவில்லை. ஆனால் ஆர்டர் போட்டிருந்தாய். எனக்குப் பதில் போடாமல் ஆர்டர் போடுகிறாய் என்றால் ஒஸ்திரியாவோடு முடித்துவிட்டாய் என்று நினைத்தேன். நீ குத்துவதற்கு முன்னால் நான் போனேன்."

அந்த மூன்று நாளும் எங்கள் தோட்டத்தில் மின்சாரம் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒஸ்திரியாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஹட்டன் வீட்டில் என்றால் நான் யாருடைய குடைக்குள்ளும் இல்லை என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்கும். இத்தனை நாளும் நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான் என்று அக்காவோடு பேசும்போதுதான் புரிந்தது. நேரில் பேசும் விஷயம்தான் ரகசியம், யார் யாரோடு பேசினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆன்லைனில் இரண்டுமே இருட்டு. பேசாமல் இருப்பதும் இருட்டு.

என் அப்பா தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) பேசப் போனால் தனியாகப் போகவே மாட்டார், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். அவர்கள் கந்தோர் வாசலில் நின்றால்கூடப் போதும் என்பார். உள்ளே என்ன பேசினார் என்று ஆட்கள் கேட்டதைவிட, "தலைவர் தனியாகப் போய் வந்தார்" என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு பேச்சு வந்தால் அதை அழிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். சின்ன வயதில் அது எனக்கு விளங்கவில்லை.

அதனால் இப்படி முடிவெடுத்திருக்கிறோம். எழுத்து இல்லை, அழைப்பும் குரல்பதிவும்தான், தோஹாத் தம்பி சொன்னபடி. ஒரு சுற்றுக்கு இரண்டு நாள். ஆர்டர் வராவிட்டால் அவரை அழைத்துப் பேசும் வரை ஆட்டம் நிற்கும், பசறைக்காரர் சொன்னபடி. அப்புறம் எங்கள் சொந்த விதி ஒன்று: ஒவ்வொரு இரவும் 9 மணிக்கு ஒவ்வொருவரும் அன்று யார் யாரோடு பேசினேன் என்பதை மட்டும் குழுவில் போட வேண்டும். என்ன பேசினோம் என்பது வேண்டாம். சிக்னல் இல்லாமல் யாரோடும் பேச முடியவில்லை என்றால் அதையும் போட வேண்டும், அல்லது பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது சொல்லிப் போடச் சொல்ல வேண்டும். இதில் மட்டும் பொய் சொல்லக் கூடாது. பதுளைத் தம்பி இதற்குக் "குடைக் கணக்கு" என்று பெயர் வைத்துவிட்டார்.

ஐயா, வாக்குறுதியை ஒரு சுற்றுக்கு மேல் நீட்டாமல் பேசுவதை நான் பழகிப் பார்க்கப் போகிறேன். எனக்கு அது சுலபமில்லை, பேச ஆரம்பித்தால் நிறையச் சொல்லிவிடுவேன்.

பிளெக்ஸ் வரைபடம் ஹட்டன் நண்பரின் வீட்டில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் சுருட்டி வைத்தபடி அப்படியே இருக்கிறதாம். பொத்தான்களில் மூன்று குறைகிறது. அவர் ஒவ்வொரு சுற்றிலும் அதில் பொத்தான்களை நகர்த்திப் படம் எடுத்துக் குழுவில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நேற்று இரவு சீட்டு எடுத்தோம். எனக்கு ஒஸ்திரியா. இத்தாலி பதுளைத் தம்பிக்கு. ரஷ்யா மறுபடியும் அக்காவுக்கே விழுந்தது. வரும் போயா அன்று 1901 வசந்தம் தொடங்குகிறது, என் முதல் அழைப்பு அக்காவுக்கு.